லேபிரிந்த், மிரர்மாஸ்க்: எழுத்துக்கும் பொம்மைக்கும் நடுவே

1980களின் தொடக்கத்தில் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் தன் அடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். டெர்ரி ஜோன்ஸைக் கேட்டுப் பாருங்களேன் என்று சொன்னவர் ஹென்சனின் மூத்த மகள் லிசா. எரிக் என்ற வைக்கிங் வீரனைப் பற்றி ஜோன்ஸ் சிறுவர்களுக்காக எழுதிய புத்தகத்தை லிசா அப்போதுதான் படித்து முடித்திருந்தார். அந்தப் பரிந்துரையின் விளைவு 1986இல் வெளிவந்த 'லேபிரிந்த்'. பிறகு 2001இல் அதே லிசா ஹென்சன் எழுத்தாளர் நீல் கெய்மனைத் தொடர்புகொண்டார். அதன் விளைவு 2005இல் வெளிவந்த 'மிரர்மாஸ்க்'. ஒரே குடும்பம், ஒரே பொம்மலாட்ட நிறுவனம், எழுத்தாளரைத் தேடிப் பிடித்தவரும் ஒருவரே. இருந்தும் அந்த இரண்டு எழுத்தாளர்களுக்கும் நேர்ந்தவை நேர் எதிரானவை. ஜோன்ஸ் எழுதியது பலர் கைபட்டு அடையாளம் இழந்தது. கெய்மன் எழுதியது ஏறக்குறைய எழுதியபடியே திரைக்கு வந்தது. ஆனால் எந்தப் படத்துக்கு உயிர் அதிகம் என்று கேட்டால், எழுத்தாளர் தோற்றுப்போன படத்துக்குத்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மிகைபுனைவு எழுத்தை நேசிக்கிறவனாக இந்த முடிவு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது அதைத் தவிர்க்க முடியவில்லை.

கதைகளின் ஒற்றுமையிலிருந்து தொடங்கலாம். 'லேபிரிந்த்' படத்தின் சாரா பதின்பருவப் பெண். அப்பாவும் சிற்றன்னையும் வெளியே போகும் இரவுகளில் கைக்குழந்தைத் தம்பி டோபியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவள் தலையில் விழுகிறது. எரிச்சலில், இந்தக் குழந்தையைக் கூளிகள் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். கூளிகளின் அரசன் ஜாரெத் சொன்னபடியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பதின்மூன்று மணி நேரத்துக்குள் அவனுடைய புதிர்வழியைக் கடந்து கோட்டையை அடைந்தால் குழந்தை திரும்பக் கிடைக்கும். 'மிரர்மாஸ்க்' படத்தின் ஹெலினா சர்க்கஸ் நடத்தும் பெற்றோரின் மகள். ஊர்ப் பிள்ளைகள் சர்க்கஸில் சேர ஏங்கும்போது, இவள் சர்க்கஸை விட்டுச் சாதாரண வாழ்க்கைக்கு ஓடிவிட ஏங்குகிறாள். அம்மாவோடு நடக்கும் சண்டையில், அவள் சாவுக்கு நான்தான் காரணமாக இருப்பேன் என்றால் அப்படியே ஆகட்டும் என்ற பொருளில் ஒரு சொல்லை வீசிவிடுகிறாள். அன்றே அம்மா மயங்கி விழுகிறாள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில், தானே வரைந்து சுவரில் ஒட்டிய நகரத்துக்குள் ஹெலினா போய்ச் சேர்கிறாள்.

இரண்டு கதைகளும் தொடங்குவது வாயிலிருந்து நழுவிய ஒரு சாபத்தில். சொல் பலித்துவிடும் என்ற ஆதி அச்சம் அது. ஆனால் சாராவின் குற்றத்துக்குப் பரிகாரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஓடி, ஏறி, விழுந்து, தம்பியை மீட்டுவிடலாம். ஹெலினாவின் குற்றத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. அம்மாவின் மூளையில் கத்தி வைக்கப்போகிறவர்கள் மருத்துவர்கள். மகள் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. அந்தக் கையறுநிலையைத்தான் கெய்மன் ஒரு முழு உலகமாக விரித்தார். ஒளி நகரத்தின் அரசி கண் திறக்காமல் உறங்குகிறாள், நிழல் நகரத்தின் அரசி மகளைத் தேடி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வருகிறாள். இருவருக்கும் அம்மாவின் முகம். நடிகை ஜீனா மக்கீதான் மூன்று வேடத்திலும். நோயில் கிடக்கும் அம்மா, கட்டிப்போடும் அம்மா என்ற இரண்டு பயங்களையும் ஒரே முகத்தில் வைத்தது, திரைக்கதை என்ற அளவில் 'லேபிரிந்த்' எட்டாத ஆழம்.

அறைகளைக் கவனித்தாலும் இந்த வேறுபாடு தெரியும். சாராவின் அறையில் எஷர் வரைந்த படிக்கட்டுகளின் அச்சுப்படம் இருக்கிறது, மோரிஸ் செண்டாக்கின் புத்தகம் இருக்கிறது, துணிப் பொம்மைகள் இருக்கின்றன, வெள்ளை உடைப் பெண் சுழலும் இசைப்பெட்டி இருக்கிறது. பின்னால் அவள் சந்திக்கும் எல்லாமே இவற்றிலிருந்து கிளம்பியவை. செண்டாக்குக்குப் பட்ட கடனைப் படத்தின் இறுதி எழுத்துகளில் ஹென்சன் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். ஹெலினாவின் சுவரில் இருப்பவை அவளே வரைந்தவை. சாரா படித்தவள், ஹெலினா படைத்தவள். அதனால் 'மிரர்மாஸ்க்' படத்தில் ஆபத்தும் கூர்மையாகிறது. ஹெலினாவின் இடத்தைத் திருடிக்கொண்டு வெளியே வந்துவிட்ட நிழல் இளவரசி அந்த ஓவியங்களைக் கிழிக்கக் கிழிக்க, உள்ளே உலகம் இடிந்து விழுகிறது. படைப்பவள் தன் படைப்புக்குள் சிக்கிக்கொண்டு, அது அழிவதைத் தன் ஓவியங்களின் சன்னல்கள் வழியாகவே பார்க்கிறாள். இப்படி ஒரு காட்சியை எழுத ஓர் எழுத்தாளர்தான் வேண்டும்.

இனி, யார் முதலில், யார் பின்னால் என்ற கேள்வி. 'லேபிரிந்த்' ஓவியத்தில் பிறந்த படம். ஹென்சனின் முந்தைய படமான 'தி டார்க் கிரிஸ்டல்' 1982இல் வந்தது. மனித முகமே தெரியாத, முழுக்கப் பொம்மைகளால் ஆன படம் அது. அதன் உலகத்தை வரைந்தவர் ஆங்கில ஓவியர் பிரையன் ஃப்ரவுட். அடுத்த படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கூளிகள் சூழ நடுவில் ஒரு குழந்தை என்ற காட்சி அவர் மனதில் தோன்றியது. கனடாக் கவிஞர் டென்னிஸ் லீ அதைக் கதையாக விரித்தார். அதன் பிறகுதான் ஜோன்ஸ் உள்ளே வந்தார். மான்டி பைத்தான் குழுவின் நகைச்சுவையாளராக உலகம் அறிந்த அவர், மகளுக்காக 1981இல் தேவதைக் கதைகள் எழுதியவர், இடைக்கால இலக்கிய ஆய்வாளரும்கூட. ஃப்ரவுடின் ஓவியங்களை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு எழுதினாராம். கதை எங்கே நின்றாலும் அடுக்கைப் புரட்டுவார், ஏதாவது ஓர் உருவம் எட்டிப் பார்க்கும், அதை வைத்து அடுத்த காட்சி.

அந்த முறையில் எழுதியதால்தான் 'லேபிரிந்த்' சம்பவங்களின் மாலையாக இருக்கிறது. ஆனால் ஜோன்ஸ் அதற்கு ஒரு நடுநாண் வைத்திருந்தார். ஜாரெத்தை மையத்தை அடையும்வரை காட்டக்கூடாது, உள்ளே போனால் அவன் வெறுமையானவன், தன் உள்ளத்தை யாரும் நெருங்காதிருக்கவே புதிர்வழியைக் கட்டியவன் என்பது அவருடைய கருத்து. டேவிட் பவி ஒப்பந்தமானதும் அது நிற்கவில்லை. அவ்வளவு பெரிய பாடகரைக் கடைசிவரை மறைத்து வைக்க முடியுமா? ஜாரெத் முதலிலேயே வந்தான், பாடினான், ஆடினான். லாரா பிலிப்ஸ், எலைன் மே, தயாரிப்பில் துணைநின்ற ஜார்ஜ் லூகாஸ் என்று ஒருவர் பின் ஒருவராகக் கைவைத்தார்கள். இடையில் நகைச்சுவை வற்றிவிட்டது என்று பவி விலகவே நினைத்ததால் மறுபடியும் ஜோன்ஸ் அழைக்கப்பட்டார். திரையில் எழுத்துக்கான பெயர் அவருடையது. அதைத் தன்னுடைய படமாக உணரவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஃப்ரவுடோடு அவருக்கு இருந்த நட்பு மட்டும் இந்தப் படத்தில் பழுதில்லாமல் பிழைத்தது. அதே 1986இல் கூளிகளைப் பற்றியும், 1994இல் புத்தகத் தாள்களுக்கிடையே நசுங்கிய தேவதைகளைப் பற்றியும் இருவரும் சேர்ந்து வேடிக்கையான நூல்கள் செய்தார்கள். ஜோன்ஸின் உண்மையான கூட்டுப்படைப்பு எது என்று தேடுகிறவர்கள் அந்த நூல்களையும் பார்க்க வேண்டும்.

கெய்மனுக்கு இப்படி ஓர் அந்நியக் கூட்டம் நேரவில்லை. அவரும் ஓவியர் டேவ் மெக்கீனும் 1987இல் 'வயலன்ட் கேஸஸ்' என்ற சித்திர நாவல் தொடங்கிச் சேர்ந்தே வளர்ந்தவர்கள். கெய்மனின் 'சாண்ட்மேன்' சித்திரக்கதைத் தொடரின் அத்தனை இதழ்களுக்கும் அட்டை மெக்கீனுடையது. 1994இல் அவர்கள் செய்த 'மிஸ்டர் பஞ்ச்' என்ற சித்திர நாவலோ ஆங்கிலேயக் கடற்கரைப் பொம்மலாட்டத்தையே கருவாகக் கொண்டது. மரத்தலைப் பொம்மையின் வன்முறையை ஒரு சிறுவன் குடும்ப ரகசியங்களோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் கதை அது. பொம்மை ஏன் பயமுறுத்துகிறது என்று அவ்வளவு கூர்மையாக யோசித்த இருவர் ஹென்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது பெரும் பேறு. மெக்கீன் எடுத்திருந்த குறும்படத்தைப் பார்த்துவிட்டு அவரையே இயக்கச் சொல்லலாமா என்று லிசா கேட்க, மெக்கீன் இயக்கினால் நான் எழுதுகிறேன் என்று கெய்மன் ஒப்புக்கொண்டார். 2002 பிப்ரவரியில் இருவரும் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் உள்ள ஹென்சன் குடும்பத்தின் வீட்டில் தங்கி எழுதினார்கள். மெக்கீனுக்கு எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதித் திட்டமிட்டால்தான் கை ஓடும். கெய்மனுக்குப் பேசித் தீர்த்துவிட்டு உட்கார்ந்தால்தான் ஓடும். அந்த உரசல் தாங்கக்கூடிய உரசல், ஏனென்றால் மூன்றாவது ஆள் குறுக்கே வரவில்லை.

வராததற்குக் காரணம் பணம். 'லேபிரிந்த்' சுமார் 2.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, வட அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் பாதியளவே ஈட்டியது. அது ஹென்சனைக் கடுமையாகப் பாதித்தது. 1990இல் இறக்கும்வரை அவர் வேறு முழுநீளத் திரைப்படம் இயக்கவில்லை. ஆனால் வீடியோ கேசட்டிலும் பிறகு டிவிடியிலும் அந்தப் படம் புதிய தலைமுறையைச் சேர்த்துக்கொண்டே போனது. அந்த விற்பனையைப் பார்த்துத்தான் சோனி நிறுவனம் இதுபோல இன்னொன்று வேண்டும் என்று கேட்டது. தர முடிந்த தொகை 40 லட்சம் டாலர். அந்தத் தொகைக்குப் பெரிய நட்சத்திரமும் இல்லை, திரைக்கதையை மாற்றி எழுத ஆள் வைக்க வசதியும் இல்லை. குறைந்த ஊதியத்துக்கு ஈடாகப் படைப்புச் சுதந்திரம் என்பதே ஏற்பாடு.

நிறுவனமும் அப்போது நிலைகொள்ளாமல் இருந்தது. 2000இல் ஜெர்மனியின் இஎம்.டிவி அதை வாங்கியிருந்தது, 2003இல் ஹென்சனின் பிள்ளைகள் திரும்ப வாங்கினார்கள், 2004இல் மப்பெட் பாத்திரங்கள் டிஸ்னிக்குக் கைமாறின. தவளை கெர்மிட் இல்லாத ஹென்சன் நிறுவனத்தின் படமாகத்தான் 'மிரர்மாஸ்க்' 2005 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. செப்டம்பர் இறுதியில் சில அரங்குகளில் மட்டும் வெளியாகி, அமெரிக்காவில் 9 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

இனி என் ஒப்பீட்டின் மையத்துக்கு வருகிறேன். அது பொம்மை.

நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் கலைஞர் மேலே நின்று கயிறு பிடிக்கிறார். ஹென்சன் மரபில் கலைஞர் கீழே, கை மேலே. பொம்மையின் தலைக்குள் விரல்கள் நுழைந்து வாயை அசைக்க, அவர் கண் தரையில் வைத்த சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்வையாளர் காண்பதையே அவரும் காண்கிறார். பொம்மையின் முகத்தில் மாறுதல் அதிகம் இருக்காது. அரை அங்குலத் தலைச்சாய்வில், கண் பார்க்கும் திசையில், ஒரு நொடித் தாமதத்தில்தான் வருத்தமும் வெட்கமும் பிறக்கின்றன. 'லேபிரிந்த்' இதைப் பல மடங்கு சிக்கலாக்கியது. சாராவோடு நடக்கும் குள்ளன் ஹாகிலுக்குள் ஷாரி வைசர் என்ற நடிகை இருந்தார். அவன் முகத்தை ஜிம்மின் மகன் பிரையன் ஹென்சன் தலைமையில் நான்கு பேர் வெளியிலிருந்து வானொலிக் கட்டுப்பாட்டில் இயக்கினார்கள். ஐந்து பேரின் மூச்சு ஒன்றானால்தான் ஹாகில் ஒருமுறை பெருமூச்சு விட முடியும். பெருவிலங்கு லூடோவின் உடை அத்தனை கனம் என்பதால் இருவர் மாறி மாறி அதற்குள் புகுந்தார்கள். அவர்களில் ஒருவரான ரான் மியூக் பிற்காலத்தில் அச்சு அசல் மனித உருவங்களைச் செய்யும் சிற்பியாக உலகப் புகழ் பெற்றார். பவியின் விரல்களில் உருளும் கண்ணாடிக் கோளங்கள்கூட அவர் உருட்டியவை அல்ல. மைக்கேல் மோஷன் என்ற வித்தைக்காரர் பவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, கோளத்தைப் பார்க்காமலே, தன் கையை அவர் கையாக நீட்டி உருட்டினார்.

படத்தின் உச்சமாக நான் கருதுவது கைகளின் கிணறு. சாரா ஒரு குழிக்குள் விழுகிறாள், சுவரெங்கும் முளைத்த கைகள் அவளைத் தாங்குகின்றன. நான்கைந்து கைகள் சேர்ந்து கண்ணாகவும் மூக்காகவும் வாயாகவும் மடங்கி ஒரு முகமாகிப் பேசுகின்றன. பொம்மையே இல்லை, வெறும் கை. பொம்மலாட்டத்தின் அடிப்படை ரகசியத்தை உறை கழற்றிக் காட்டிய காட்சி அது. ஜெனிஃபர் கானலிக்கு அப்போது பதினான்கு வயது. அவர் முகத்தில் தெரியும் தடுமாற்றம் நடிப்பு மட்டுமல்ல. பிடித்திருப்பவை உண்மையான கைகள்.

'மிரர்மாஸ்க்' படத்தில் அந்தப் பிடிமானம் இல்லை. தொடக்கத்தில் ஹெலினா தன் வண்டியில் உட்கார்ந்து காலுறைகளைப் பொம்மைகளாக்கி விளையாடுகிறாள். வெள்ளை அரசி, கறுப்பு அரசி. எளிய, அழகான பொம்மலாட்டம். அதன்பின் கனவுலகம் முழுதும் கணினியின் வேலை. மெக்கீன் கலைக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களைச் சேர்த்துச் சிறு குழு அமைத்து, ஓராண்டுக்கு மேல் உழைத்து அந்த உலகத்தை உருவாக்கினார். ஸ்டெஃபனி லியோனிடாஸ் அதன் பெரும்பகுதியை நீலத்திரைக்கு முன்னால் நடித்தார். அந்த இளம் நடிகை இல்லாத பூதங்களையும் இல்லாத பறவைகளையும் நோக்கிப் பேசிய விதம் பாராட்டுக்குரியது. ஆனாலும் அவர் கை எதையாவது தொடும்போது எடை தெரியவில்லை. மெக்கீனின் ஒட்டுச்சித்திரப் பாணியும் இங்கே ஒரு தடை. புத்தகப் பக்கத்தில் வாசகர் விரும்பும் நேரம் நின்று அந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கலாம். திரையில் அவை நிற்காமல் ஓடுகின்றன, பொன்னும் பழுப்புமாக எல்லாமே ஒரே அடர்த்தியில். கண் களைத்துப்போகிறது.

எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். பொம்மையின் தத்துவத்தை ஜோன்ஸைவிட ஆழமாகப் புரிந்துகொண்டு எழுதியவர் கெய்மன். அவர் படைத்த நகரத்தில் எல்லாரும் முகமூடி அணிகிறார்கள். முகமூடி இல்லாத ஹெலினாவைப் பார்த்து, நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா வருத்தமாக இருக்கிறாயா என்று உனக்கே எப்படித் தெரியும் என்று அவளுக்கு அங்கே துணையாக வரும் வாலன்டைன் வியக்கிறான். அசையாத முகத்தில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, ஹென்சன் பட்டறையின் கலைஞர்கள் தங்கள் விரல்களால் விடைதேடி வந்த கேள்வி. வாலன்டைனாக நடித்த ஜேசன் பாரி தன் குரலாலும் தோளாலும் அதற்கு நல்ல பதில் தருகிறார். அந்தத் திரைக்கதைக்கு அந்தப் பட்டறையின் முழு வலிமையும் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்! பொம்மைக்கு அத்தனை பொருத்தமான எழுத்து, பொம்மை செய்யப் பணமில்லாத நாளில் வந்து சேர்ந்தது.

ஒரு காட்சியில் மட்டும் 'மிரர்மாஸ்க்' தன் முன்னோடியைத் தாண்டுகிறது. 'லேபிரிந்த்' படத்தில் மயக்கும் கனிச்சுவையில் தன்னை மறந்த சாரா ஒரு முகமூடி நடனத்துக்குள் நுழைகிறாள். பவி பாடுகிறார், அவள் வெள்ளி உடையில் மிதக்கிறாள். அழகுதான், ஆனால் பாடலுக்காகக் கதை கொஞ்சம் வழிவிட்டு நிற்கிறது. 'மிரர்மாஸ்க்' படத்தில் நிழல் அரசியின் அரண்மனையில் பெட்டிகளிலிருந்து எழுந்த இயந்திரப் பொம்மைகள், கார்பென்டர்ஸ் குழு புகழ்பெறச் செய்த ஒரு காதல் பாடலை உயிரற்ற குரலில் பாடிக்கொண்டே ஹெலினாவுக்கு உடை மாற்றி, கண்ணில் மை தீட்டி, நிழல் இளவரசியாக்கிவிடுகின்றன. பாட்டு, பொம்மை, பாத்திரத்தின் வீழ்ச்சி மூன்றும் ஒரே இழையில் வருகின்றன. பெண்ணையே பொம்மையாக்கும் காட்சி அது. கணினி வரைந்த பொம்மைகள் என்பதுகூட அங்கே உறுத்தவில்லை, ஏனென்றால் அவற்றின் உயிரின்மைதான் காட்சிக்குத் தேவை.

எதிர்ப்பக்கத்தில் 'லேபிரிந்த்' படத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். தலையைக் கழற்றி எறிந்து விளையாடும் காட்டுப் பிராணிகளின் பாட்டு கதைக்கு எதையும் சேர்க்கவில்லை. பின்னணியோடு அவை ஒட்டாமல் தனியே தெரிகின்றன. நடுவில் படம் தளர்கிறது. ஜோன்ஸ் நினைத்த வெறுமையான அரசன் இருந்திருந்தால், கடைசியில் சாரா அவனை மறுக்கும் இடம் இன்னும் பலமாக விழுந்திருக்கும்.

கெய்மனுக்கும் ஹென்சன் நிறுவனத்துக்கும் உள்ள கணக்கில் வராத படம் ஒன்றும் உண்டு. லண்டனின் நிலத்தடி உலகத்தைப் பற்றிய அவருடைய 'நெவர்வேர்' கதையைத் திரைப்படமாக்க அந்த நிறுவனத்துக்காக அவர் பலமுறை திரைக்கதை எழுதினார், படம் எழவில்லை. 2002இல் வெளிவந்த அவருடைய 'கோரலைன்' நாவல், 'மிரர்மாஸ்க்' போலவே இன்னொரு அம்மாவைப் பற்றியது. 2009இல் ஹென்றி செலிக் இயக்கத்தில் லைக்கா நிறுவனம் அதை, ஒவ்வொரு சட்டகத்துக்கும் கையால் நகர்த்திய பொம்மைகளைக் கொண்டு படமாக்கியது. அதில் பின்னப்பட்ட சிறு கம்பளிச் சட்டையின் நூல்கூடக் கண்ணுக்குத் தெரியும். கெய்மனின் எழுத்துக்குப் பொம்மையின் எடை முழுதாகக் கிடைத்த படம் அது. ஹென்சன் பட்டறைக்கு வெளியே கிடைத்தது.

ஹென்சன் நிறுவனமும் கைக்கே திரும்பியது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'தி டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' தொடரில் கணினி பின்னணியை விரித்தது, முன்னால் நின்றவை பொம்மைகள். உருவங்களை வடிவமைத்தவர்களில் பிரையன் ஃப்ரவுடும் அவர் மகன் டோபி ஃப்ரவுடும் இருந்தார்கள். 'லேபிரிந்த்' படத்தில் கூளிகள் தூக்கிச் சென்ற குழந்தையாக நடித்தவர்தான் அந்த டோபி.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் முதலில் 'லேபிரிந்த்' படத்தைக் காட்டுங்கள். அதன் ஓட்டைகள் அவர்களுக்குத் தெரியாது, ஹாகிலின் முகம் மறக்காது. 'மிரர்மாஸ்க்' படத்தை இரண்டு மூன்று ஆண்டு கழித்து, அம்மாவோடு சண்டை போடத் தொடங்கும் வயதில் காட்டுங்கள். கெய்மன் அதை எழுதியது அந்த வயதுக்குத்தான்.